ஜெலட்டின் அளவு கடற்பாசிக்குப் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் சமையல் பகுதியில் புட்டிங், ஜெல்லி போன்றவற்றின் செய்முறையை வெளியிடும்போது, ஜெலட்டின் வேண்டாம் என்பவர்கள் அதே அளவு கடற்பாசி சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரியை நம்பிச் செய்பவர்களின் பாலும் சர்க்கரையும் வீணாவதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். சைவ உணவு உண்பவர்களும் பன்றியை விலக்கிய இஸ்லாமியரும் அதைத் தவிர்ப்பது இதனால்தான். சைனா கிராஸ் என்றும் அகர் அகர் என்றும் கடைகளில் கேட்டு வாங்கும் கடற்பாசியோ, மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளைக் கொதிக்கவைத்து வடித்தெடுப்பது. அதில் இருப்பது புரதமன்று, நார்ச்சத்து. பொருளே வேறாக இருக்கும்போது அளவும் பக்குவமும் ஒன்றாக இருக்க முடியாது.

10 கிராம் கடற்பாசி ஏறத்தாழ ஒரு லிட்டர் பாலை உறைய வைத்துவிடும். ஜெலட்டினுக்குச் சொன்ன அளவையே இதற்கும் போட்டால், வாயில் கரையாத கெட்டிப் பொருள்தான் கிடைக்கும். ஜெலட்டினைப் போல இளஞ்சூட்டு நீரில் இது கரைவதும் இல்லை. நறுக்கி ஊறவைத்த இழைகளை நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கரண்டியில் மொண்டு ஊற்றிப் பார்க்கும்போது ஓர் இழைகூடத் தட்டுப்படக் கூடாது. பாலைத் தனியே காய்ச்சிச் சூடாகவே அதில் சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலைக் கொட்டினால் கரைந்த கடற்பாசி அங்கேயே திரிதிரியாக இறுகிவிடும். எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்புச் சாறுகளை அதனுடன் கொதிக்கவிட்டால் உறையும் ஆற்றல் குறைந்துபோகும் என்பதால், இறக்கிய பிறகே அவற்றைக் கலக்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திற்கு ஜெலட்டினைக் காட்டிலும் கடற்பாசியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஜெலட்டின் குளிர்பெட்டியில்தான் உறையும், நம் உடல் சூட்டிலேயே இளகிவிடும். கடற்பாசி 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தாலே உறையத் தொடங்கும். உறைந்தபின் மீண்டும் உருக 85 டிகிரி வரை சூடு வேண்டும். சித்திரை மாதத்துக் கல்யாண வரவேற்பில், மின்சாரம் போனாலும், மேசையில் வைத்த துண்டு அப்படியே நிற்கும். பச்சை அன்னாசியில் இருக்கும் நொதி ஜெலட்டினைச் சிதைத்து உறையவிடாமல் செய்துவிடும். கடற்பாசியை அது ஒன்றும் செய்யாது. ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக அன்னாசி விளையும் நம் ஊரில் இது சிறிய விஷயமில்லை.

நம் வீடுகளில் இருக்கும் பொருள்களே இதற்குப் போதும். கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் கடற்பாசியுடன் சேர்த்து ஓர் அடுக்கு ஊற்றலாம். அதன்மேல் தேங்காய்ப்பாலில் செய்த கலவையை இன்னோர் அடுக்காக ஊற்றலாம். கீழ் அடுக்கு விரலில் இலேசாக ஒட்டும் பருவத்திலேயே மேல் அடுக்கைச் சூடாக ஊற்றிவிட வேண்டும். முழுவதும் இறுகிய பிறகு ஊற்றினால், வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கிப் பிரிந்துவிடும். இந்தப் பக்குவமெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றவையல்ல. நோன்பு திறக்கக் கடற்பாசி செய்யும் இஸ்லாமியக் குடும்பங்களின் பெண்களுக்கு இது கைப்பழக்கம். அவர்களிடம் கேட்டு எழுதினாலே செய்முறைகள் பிழையின்றி அமையும்.

ஆகவே, ஜெலட்டின் சேர்த்த செய்முறையை வெளியிடும்போது, கடற்பாசிக்கு உரிய அளவையும் செய்யும் விதத்தையும் தனியாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடற்பாசியால் ஆகாததையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பஞ்சுபோன்ற மார்ஷ்மெல்லோவின் இழுவைத் தன்மை இதில் வராது. உறைபெட்டியில் வைத்து எடுத்தால் நீர் பிரிந்து துண்டுகள் உதிர்ந்துபோகும். அத்தகைய பண்டங்களின் செய்முறையில், கடற்பாசியும் சேர்க்கலாம் என்ற வரியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.