சத்துணவும் சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினாலே, இலவசங்கள் வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. எங்கள் ஊரில் நான் பார்ப்பது வேறு.

விடிகாலை ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஏறும் பெண்களில் பாதிப் பேர் எங்கள் பஞ்சாயத்துப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தட்டோடு வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். காமராஜர் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய அந்தச் சாப்பாடு இல்லையென்றால், இவர்களில் பலர் ஐந்தாம் வகுப்பைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். இன்று இந்தியாவின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், அது தொழிற்பேட்டை நிலத்தால் மட்டும் வந்ததா?

சரி, எல்லாச் செலவும் ஒன்றல்ல. இலவச டிவியையும் பள்ளிச் சாப்பாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரு பிள்ளையின் உடம்பிலும் படிப்பிலும் போட்ட பணம் திரும்பி வர இருபது வருஷம் ஆகும், ஆனால் வரும். 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸும் அப்படித்தான். தூரத்து வேலைக்குப் போகலாமா என்று யோசித்தவர்கள் இப்போது துணிந்து போகிறார்கள்.

அடுத்துத் தேவை, தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர்.

ஒரு வாசகி,
ஸ்ரீபெரும்புதூர்