விதைத்த பிறகு வந்த பயிற்சி

இராமநாதபுரம் மாவட்டத்தின் வேளாண் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்வி நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

திருப்புல்லாணிப் பக்கம் மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிற குடும்பம் எங்களுடையது. போன ஆண்டு ஊரில், விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்தும் விதை நேர்த்திப் பயிற்சி நடந்தது. நல்ல பயிற்சி, வந்த அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மாதம் ஐப்பசி. புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பை முடித்துவிட்டுக் களையெடுத்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால்கூட ஆவணியில் வாருங்கள் என்று சொல்லியிருப்போம். வேளாண் பாடம் படிக்கும் என் மகள் நாற்றங்கால், நடவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். எங்கள் வயலில் நடவே கிடையாது.

வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. ஆத்மா எனும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் வட்டார உழவர் ஆலோசனைக் குழு உண்டு. உழவருக்கு அவற்றில் இடமும் உண்டு. அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

மிளகாய் காய வைக்கும் பெண்களை அழையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாயின் தரம் களத்தில் அவர்கள் கையில் இருக்கிறது. காம்பைப் பிடித்துக் காதருகே குலுக்குவார்கள். உள்ளே விதை கலகலத்தால்தான் மூட்டை கட்டுவார்கள். ஈரம் நின்றால் பூசணம் பிடித்து வத்தல் கறுத்துவிடும். பட்டா கணவர் பெயரில் இருப்பதால் கூட்டத்துக்கு இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

கண்மாய் மடை திறக்கும் நீர்பாய்ச்சியை அழையுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்களையும் விடாதீர்கள். கடற்கரையோர உவர் நிலத்தில், எங்கள் பெரியப்பா ஒரு கிள்ளு மண்ணை நாக்கில் வைத்துவிட்டு, "இந்த மூலையில் மிளகாய் போடாதே" என்பார். மண் பரிசோதனை அட்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அட்டையில் இருக்கும் எண்ணையும் அவர் சொல்வதையும் ஒரே வயலில் நின்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். கூலி வேலையை விட்டு வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். நாங்கள் கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் தமிழில் வாசியுங்கள்.

முதல் கூட்டத்தை ஆடி மாதத்தில் எங்கள் கண்மாய்க் கரையிலேயே வைக்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் பெண்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள்.