பாதை தொடங்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்

அமெரிக்கப் பொது நிலங்களைக் கவனிக்கும் தேசியப் பூங்காச் சேவை, வனத்துறை, நில மேலாண்மைப் பணியக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மின்மோட்டார் பொருத்திய சைக்கிளான இ-பைக்கை எங்கே விடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான். அதில் எனக்கு வழக்கில்லை. அந்த முடிவு பாதையில் நிற்கிறவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் குறை.

வனத்துறை நிலத்தில் இ-பைக்கும் மோட்டார் வண்டிதான். அதற்கென்று திறந்துவிட்ட பாதைகளில் மட்டும் போகலாம். நில மேலாண்மைப் பணியகத்தின் 2020 விதிப்படி, மோட்டார் வண்டி போகாத பாதையில் இ-பைக்கை விட அந்த வட்டார அதிகாரி அனுமதி தர வேண்டும். தேசியப் பூங்காவில் கண்காணிப்பாளர் சொல்வதுதான். அவர் அனுமதித்த பாதையிலும், கார் போகாத இடத்தில் பெடலை மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு போகக் கூடாது. 1964 சட்டத்தின்கீழ் வனாந்தரமாக அறிவித்த இடங்களில் சாதாரண சைக்கிளுக்கே அனுமதியில்லை.

சரி, மூன்று துறைக்கும் அவரவர் நியாயம் உண்டு. ஆனால் பாதை ஒன்றுதானே! போகிற வழியில் ஒரு துறையின் நிலம் முடிந்து இன்னொன்றின் நிலம் தொடங்கினால் விதியும் மாறிவிடுகிறது. மண்ணிலோ மரத்திலோ அதற்கு ஓர் அடையாளமும் இருக்காது.

வண்டியில் இவ்வளவு குழப்பமில்லை. பல மாநிலங்களில் ஃபிரேமிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: எந்த வகுப்பு, எவ்வளவு வேகம், எத்தனை வாட். முதல் வகுப்பில் மிதித்தால்தான் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைலைத் தொட்டதும் விட்டுவிடும். இரண்டாம் வகுப்புக்கும் அதே வேகம்தான், த்ராட்டில் கூடுதல். மூன்றாம் வகுப்பு மிதிக்க மிதிக்க 28 மைல் வரை கைகொடுக்கும். இத்தனை விவரத்தோடு வந்து நிற்பவரிடம், ‘மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை’ என்ற பலகையும் பக்கத்திலேயே ஒரு சைக்கிள் படமும் இருந்தால், அவர் எதை நம்புவார்?

வனத்துறையின் மோட்டார் பாதை வரைபடம் இலவசம்தான். ஆனால் அதில் திறந்த பாதைகள் மட்டுமே இருக்கும். இல்லாதது தடை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். முட்டிவலியால் சைக்கிளை விட்டு, இ-பைக்கால் மறுபடி மலைக்கு வரும் முதியவருக்கு இந்தப் புதிர் வேண்டாம். குதிரையில் வருபவருக்கும், பின்னால் சத்தமில்லாமல் என்ன வரக்கூடும் என்று முன்பே தெரிய வேண்டும்.

ஒவ்வொரு நுழைவிலும் 1, 2, 3 என்று வகுப்பை எழுதி, எதற்கு அனுமதி என்று குறித்துவிடுங்கள். நிலம் கைமாறும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு அதையே திரும்ப எழுதுங்கள். அப்புறம், மூன்று துறையும் சேர்ந்து ஒரே வரைபடம் போடுங்கள். தடை செய்த பாதைகளும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் இ-பைக் ஓட்டி