செயலாளரின் ஆண்டறிக்கை 2025: எல்லை தாண்டும் சட்டப் பட்டங்கள்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு அங்கத்தவர்களே, பெற்றோரே, சட்டம் படிக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

டோர்ட்முண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சட்டம் படிக்கிற, படித்து முடித்த தமிழர்களுக்காக நாம் நடத்தும் இந்தச் சிறிய சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு இந்த வருடம் 9 தடவை கூடியது. கூட்டக் குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன, இடைவேளையில் கேட்டுப் பார்க்கலாம். வழக்கமான வேலைகளைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். வருடத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு விடயம்தான் எடுத்துக்கொண்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெப்ரவரியில் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பிள்ளை பரிஸில சட்டம் முடிச்சவள். கலியாணம் கட்டி இப்ப இங்க வந்திட்டாள். இங்க அந்தப் பட்டம் செல்லாது எண்டு சொல்லுறாங்கள். அஞ்சு வருசம் படிச்ச படிப்பு சும்மா போகுமோ?" என்று கேட்டார். எனக்கு அப்போது உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அண்ணன் பரிஸில், அக்கா சூரிச்சில், சித்தி ஒஸ்லோவில் என்று பரந்து கிடக்கிற சமூகம் நாங்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ நாடு மாறித்தான் வருகிறார்கள். வைத்தியம் படித்த பிள்ளை நாடு மாறினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டப்படி அடிப்படைப் பட்டம் பெரும்பாலும் தானாகவே ஏற்றுக்கொள்ளப்படும். மொழியைக் காட்டினால் வேலை தொடங்கலாம். சட்டப் பட்டத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஏன் என்று எங்கள் மார்ச் மாத வாசிப்பு வட்டத்தில் போகும் (Bochum) பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி பாண் வாங்குவதை வைத்து விளக்கினார்.

ஜேர்மன் சட்ட பீடங்களில் முதல் அரையாண்டிலேயே இதைச் சொல்லிக் கொடுப்பார்களாம். பேக்கரியில் ஒரு சிறு பாண் வாங்கினால் ஜேர்மன் சட்டத்தின் கண்ணில் மூன்று ஒப்பந்தங்கள் நடக்கின்றன. விற்கிறேன், வாங்குகிறேன் என்பது ஒன்று. பாணின் உரிமையைக் கைமாற்றுவது இரண்டாவது. காசின் உரிமையைக் கைமாற்றுவது மூன்றாவது. முதலாவது செல்லாமல் போனாலும் மற்ற இரண்டும் தனியே நிற்கலாம். பிரான்ஸில் அப்படியில்லை. பொருளும் விலையும் ஒத்துக்கொள்ளப்பட்ட அந்தக் கணமே, பொதுவிதியாக, உரிமையும் மாறிவிடும். 1804இல் வந்த பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையும் 1900 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சட்டக்கோவையும் உரோமச் சட்டம் என்ற ஒரே ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்தவைதான். ஆனாலும் ஒரு துண்டுப் பாணில் வழி பிரிந்துவிடுகிறது. பரிஸில் ஐந்து வருடம் படித்த பிள்ளைக்கு அங்கே இந்த மூன்று ஒப்பந்தங்களையும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் நாடு நாடாகத் தனித்தனியே சட்டம் கற்பிக்கும் பீடங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லையா என்று ஒரு தகப்பனார் கேட்டார். நல்ல கேள்வி. அதைத் தேடிப் போனபோதுதான் ஐரோப்பிய சட்ட பீடங்களின் சங்கத்தைப் பற்றி விரிவாகப் படித்தோம். அதை எல்ஃபா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1995இல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் 80க்கும் மேற்பட்ட சட்ட பீடங்கள் சேர்ந்து தொடங்கியது. பின்னர் ஏறத்தாழ 200 பீடங்கள் வரை வளர்ந்தது. வருடம் ஒருமுறை மாநாடும் பொதுக்கூட்டமும் நடத்துகிறது. சட்டக் கல்விக்கென்றே ஓர் ஆய்விதழ் வெளியிடுகிறது. பீடங்களின் தரத்தை எப்படி மதிப்பிடுவது, பாடத்திட்டங்களை எப்படி ஒப்பிடுவது, வேறு நாட்டில் படித்த அரையாண்டை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பவைதான் அதன் அன்றாடக் கவலை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பேராசிரியர்களின் கூட்டம் என்று தோன்றும். எங்கள் பிள்ளைகள் ஒரு நாட்டில் வாங்கிய பட்டத்தை இன்னொரு நாட்டில் ஒருவர் எடுத்து வைத்து வாசிக்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த மாதிரி உழைப்பு இருக்கிறது.

1999 ஜூன் 19இல் 29 நாடுகள், உயர்கல்வியை ஒரே மாதிரியான படிகளுக்குக் கொண்டுவரும் பொலோஞ்ஞா பிரகடனத்தில் கையெழுத்திட்ட பிறகு இந்த உழைப்பு இன்னும் கூடியது. இளநிலை, முதுநிலை என்ற இரண்டு படிகளும், ஒரு வருடப் படிப்புக்கு 60 புள்ளி என்ற பொது அளவும் அதற்குப் பின்னர்தான் ஐரோப்பா முழுக்கப் பரவின. ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சட்டப் படிப்பை இந்த இரண்டு படிகளுக்கு மாற்றின. இத்தாலி பின்னர் 5 வருட ஒரே படிப்பாக ஆக்கிக்கொண்டது. ஜேர்மனி சட்டத்தில் மட்டும் தன் அரச தேர்வுகளை விடவில்லை. முதல் தேர்வு, பிறகு இரண்டு வருடப் பயிற்சி, அப்புறம் இரண்டாம் தேர்வு. இந்த இரண்டையும் தாண்டினால்தான் இங்கே நீதிபதியாகவோ சட்டத்தரணியாகவோ வரலாம். ஆகவே புள்ளிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் வாசல் ஒன்றல்ல.

வாசலைத் திறந்து வைத்தது நீதிமன்றம்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் நான்கு தீர்ப்புகளை மாதத்துக்குக் கொஞ்சமாக வாசித்தோம். 1974இல் ரேனேர்ஸ் வழக்கு: பெல்ஜியத்தில் சட்டம் படித்தும் டச்சுக் குடியுரிமை இருந்ததால் சட்டத்தரணியாக முடியாதென்று தடுக்கப்பட்டவர், வென்றார். 1991இல் விளாசோபுலு வழக்கு: கிரேக்கச் சட்டத்தரணி, ஜேர்மனியிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் ஏற்கெனவே கற்றதை இந்த நாட்டுத் தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரேயடியாக மறுக்கக்கூடாது என்றது நீதிமன்றம். 2003 நவம்பர் 13இல் வந்த மொர்கன்பெஸர் தீர்ப்புத்தான் எங்களுக்கு மிக நெருக்கமானது. பிரான்ஸில் சட்டம் படித்த ஒரு பெண், ஜெனோவாவில் பயிற்சிச் சட்டத்தரணியாகப் பதியக் கேட்டார். இத்தாலியப் பட்டம் இல்லை என்று மறுத்தார்கள். இன்னும் முழுச் சட்டத்தரணியாகாத, படிப்பை மட்டும் முடித்தவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. வாசித்து முடித்ததும் அந்தப் பரிஸ் மகள் "இது என்ர கதைதான் அண்ணா" என்றார்.

நான்காவது தீர்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009இல் பெஸ்லா வழக்கு. போலந்தில் படித்தவர் ஜேர்மனியில் பயிற்சிக்குக் கேட்டார். ஒப்பிடும்போது இந்த நாட்டுச் சட்ட அறிவைக் கேட்கலாம், அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். ஆகவே உரிமை என்பது ஒப்பீட்டுக்கான உரிமை. வேலைக்கான உரிமை அல்ல. பெற்றோர் இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, அந்த மகளுக்கு என்ன நடந்தது? முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் காரணம் கேட்டபோது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில். கடைசியில்தான் தெரிந்தது, பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் போதாது, ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கப்பட்டது என்ற விபரம் வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாமியார் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் பரிஸ் பாடங்கள், மறுபக்கம் இங்குள்ள முதல் தேர்வின் பாடங்கள். பிரெஞ்சில் கடப்பாட்டுச் சட்டம் (ஒப்பந்தம், இழப்பீடு போன்றவை) என்று இருப்பதற்கு எதிரே ஜேர்மன் கடப்பாட்டுச் சட்டத்தை எழுதினோம். பாதி பொருந்தியது. சொத்துச் சட்டத்துக்கு எதிரே வெறுமை. அந்த வெறுமையை அவர் பென்சிலால் வட்டமிட்டார். தேத்தண்ணி மூன்று தடவை வந்தது. ஐந்து வருடத்துக்கு முந்திய பாட விபரங்களைப் பீடத்துக்கு எழுதி எடுக்கவே ஏழு கிழமை போனது. செப்ரம்பரில் பதில் வந்தது: சில பாடங்கள் ஏற்கப்படுகின்றன, மீதிக்கு ஜேர்மன் மொழியில் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். அவர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். போகுமிலும் முன்ஸ்ரரிலும் படிக்கும் எங்கள் அங்கத்தவர்கள் இருவர் கிழமைக்கு ஒருநாள் அவரோடு வழக்குத் தீர்வு எழுதிப் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

ஒக்ரோபரில் லூவெனுக்குப் போனோம். எல்ஃபா தொடங்கி 30 வருடம், லூவென் பல்கலைக்கழகம் 1425இல் தொடங்கி 600 வருடம், இரண்டும் ஒன்றாக வந்த வருடம் என்பதால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. 14 பேர் விடியவே ரெயின் ஏறி, கேல்ன், ஆகன், லியேஜ் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். ரியன்ஸ வீதியில் "வல்லூறு" என்று பெயருள்ள பழைய கல்லூரிக் கட்டடத்தில் சட்ட பீடம் இருக்கிறது. அங்கே முதுநிலை படிக்கும் ஒரு தங்கச்சி முற்றத்தைக் காட்டினார். பிறகு மத்திய நூலகம். 1914 ஓகஸ்டில் எரிக்கப்பட்டு, திரும்பக் கட்டி, 1940 மே மாதத்தில் மறுபடி எரிந்த நூலகம் அது. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஐயா அந்தப் படிக்கட்டில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். 1981இல் எங்கள் நூலகம் எரிந்த இரவு அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வரும்போது ஐயாதான் அதிகம் கதைத்தார். இலங்கையில் அவர் வாதாடியது உரோம டச்சுச் சட்டத்தில். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த யொகான்னஸ் வூட் 1700ஐ ஒட்டி இலத்தீனில் எழுதிய விளக்கவுரையை யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறாராம். "லெய்டனில எழுதினது எங்கட ஊர்க் காணி வழக்குக்கு உதவினது. அப்ப சட்டப் படிப்பு கடல் தாண்டினதுதானே" என்றார். அதே பயணத்தில் அந்தத் தங்கச்சி சொன்ன இன்னொரு விடயம்: டச்சு, பிரெஞ்சு மொழிச் சண்டையில் லூவென் பல்கலைக்கழகம் 1968இல் இரண்டாகப் பிரிந்தபோது, நூலகப் புத்தகங்களையும் இரண்டாகப் பிரித்தார்களாம். ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். அதே ஊரில்தான் பின்னர் 80 பீடங்கள் சேர்ந்தன என்று கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

மற்ற வேலைகள். நவம்பரில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் மாலை வைத்தோம். இளநிலைச் சட்டப் பட்டம் எடுத்தால் சட்டத்தரணியாகலாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஹாகன் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அந்தப் பட்டம் உண்டு, நிறுவன வேலைக்கு உதவும், ஆனால் நீதிமன்றத்தில் வாதாட அரச தேர்வு வேண்டும். கேல்ன் பல்கலைக்கழகம் பரிஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் இரட்டைப் படிப்பைப் பற்றிக் கேட்ட இரண்டு பிள்ளைகளுக்கு விபரம் கொடுத்திருக்கிறோம். குடும்பம் இரண்டு நாட்டிலும் இருந்தால் அது மிகப் பொருத்தமான படிப்பு என்பது என் அபிப்பிராயம். லண்டன் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: 2020 முடிவோடு ஐக்கிய இராச்சியம் ஒற்றைச் சந்தையை விட்டு விலகியதால், இப்போது அங்கே எடுக்கும் பட்டத்துக்கு மொர்கன்பெஸர் வழி கிடையாது. நோர்வேக்கும் சுவிஸுக்கும் ஒப்பந்தங்கள் மூலம் வழி இருக்கிறது.

1981இல் வியன்னாவில் தொடங்கிய ஐரோப்பிய சட்ட மாணவர் சங்கம் நடத்தும் மனித உரிமை மாதிரி வழக்குப் போட்டிக்கு ஓர் அணி சேர்க்க மூன்று பிள்ளைகள் முன்வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஹெல்கா பெடர்சனின் பெயரில் நடக்கும் போட்டி, இறுதிச் சுற்று ஸ்ராஸ்பூர்க்கில். பயணச் செலவுக்கு உதவலாமா என்று சபை இன்று தீர்மானிக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். லூவென் பயணத்துக்கு அவரவர் சீட்டை அவரவரே எடுத்தார்கள், சங்கப் பணம் செலவாகவில்லை.

வரும் வருடத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். எந்த நாட்டில் சட்டம் படித்தாலும், பீடத்தை விட்டு வெளியேற முன், ஒவ்வொரு பாடத்தின் விபரக் கையேட்டையும் முத்திரையோடு வாங்கிக் கோப்பில் போட்டு வையுங்கள். அதற்கான மாதிரிப் பட்டியலை அந்தப் பரிஸ் மகளே தயாரித்துத் தந்திருக்கிறார், வாசலில் இருக்கிறது. பிரெஞ்சு, டச்சு, நோர்வே மொழிகளில் உதவக்கூடியவர்கள் இன்று தங்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போனால் பெரிய உபகாரம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன். நன்றி.

செயலாளர்