உன் போட்டின் அடைப்பு

அன்பு மகனுக்கு,

நீ வாங்கின 14 அடி அலுமினியப் போட்டின் படங்களை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். போட் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பின்பலகையின் அடியில் தண்ணீர் விடுகிற ஓட்டையின் பிளக்கில் றப்பர் வெடித்திருக்கிறது, வித்தவர் மேலே டேப் சுற்றி வைத்திருக்கிறார். அந்தப் பிளக்கைக் கழற்றி எறிந்துவிடு.

எனக்கு இது பட்ட பாடு. பருத்தித்துறையில் ஒருநாள், எல்லா போட்டுக்கும் சரிவரும் என்று கடையில் தந்த பிளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். வேகமாக ஓடும்போது பின்பக்கத் தண்ணீர் விலகி நிற்கும், அதனால் ஒன்றும் தெரியவில்லை. வலை போட என்ஜினை நிறுத்தினதும் கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டது. ஓரங்குல ஓட்டை ஒரு அடி ஆழத்தில் இருந்தால் நிமிடத்துக்கு 40 லீற்றருக்கு மேலேயே உள்ளே வரும், மகன். வாளியால் இறைத்துக்கொண்டே கரைக்கு வந்தோம்.

கடைக்குப் போக முன்னம் ஓட்டையின் உள்விட்டத்தை அள, கண்மட்டத்துக்கு வாங்காதே. மரை இல்லாத வழுவழுப்பான குழாய் என்றால் பிடியைத் திருப்ப றப்பர் விரிகிற பிளக் எடு, நெம்பு வைத்ததாக இருந்தால் பெருவிரலால் நல்லா அழுத்தினால்தான் மடங்க வேண்டும். லேசாக மடங்கினால் அது அடைக்கவில்லை, நெம்பை நிமிர்த்திச் சுற்றி இறுக்கிவிட்டுத் திரும்ப மடி. முடிந்தால் உள்பக்கமிருந்து போடுகிறதையே வாங்கு, தண்ணீரில் நிற்கும்போதும் கை எட்டும். மரை உள்ளது என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய் மரை பொருந்துதா என்று பார், பிளக்கைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்று. அலுமினியத்தில் பித்தளை வேண்டாம், இரண்டும் நனைந்து ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் அரிபடும்.

2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் போட்டை ரோட்டில் கொண்டுபோக முன்னம் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று சட்டம், அந்நியச் சிப்பியும் பாசியும் ஏரிக்கு ஏரி போகாமல் இருக்க. நல்ல சட்டம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றிப் போடுகிறதால் றப்பரும் தேயும், போட மறக்கவும் கூடும். கழற்றினதும் என்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடு. இன்னொன்று வாங்கிப் போட்டிலேயே வை. குளிர்காலத்தில் கழற்றியே வை, இறுக்கி விட்டால் றப்பர் அமுங்கினபடியே நின்றுவிடும்.

புதுசைப் போட்டதும் ட்ரெய்லரில் வைத்தே உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, வெளியே காய்ந்த பேப்பரை ஒட்டிப் பார். அரை மணித்தியாலம் கழித்தும் பேப்பர் காய்ந்திருந்தால் சரி. அதற்குப் பிறகு சிம்கோ ஏரிக்குப் போ. அளவு எடுத்ததும் எனக்கும் படம் அனுப்பு.

அப்பா