பெயர்க் கட்டத்திலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இணையச் செயலி உருவாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அப்பாடத்தை வகுக்கும் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கணினியியல் படித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக இணையச் செயலிகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் பருவத்து இணையச் செயலிப் பாடத்தில் மாணவர் எழுதும் முதல் படிவத்தின் முதல் கட்டமான, பயனர் தம் பெயரைத் தட்டும் பெயர்க் கட்டத்தை, ஓரிரு வாரங்களாவது நின்று கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பாடத்தின் பிற்பகுதியில் நீங்கள் சொல்லித்தரும் பாதுகாப்பு, தரவுத்தளம், எழுத்துக் குறியேற்றம், எல்லாரும் அணுகக்கூடிய வடிவமைப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு கட்டத்திற்குள் அடங்கியிருக்கின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் அம்மா ஓர் உடற்பரிசோதனைக்கு இணையம் வழியாக முன்பதிவு செய்ய முயன்றார். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அட்டையில் அவர் பெயருக்கும் தாத்தாவின் பெயருக்கும் இடையில், நம்மில் பலருக்கும் இருப்பதுபோல், 'டி/ஓ' என்று இருக்கிறது. 'இன்னாரின் மகள்' என்பதற்கான அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் படிவம் சிவப்பு நிறத்தில் "பெயரில் செல்லாத எழுத்து உள்ளது" என்றது. மூன்றாவது முறையும் அப்படியே வந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தாத்தா பேர எடுத்துட்டா ஏத்துக்குமா?" என்று கேட்டார். சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினோம். அதனால் அவர் பெயரின் நடுவில் 'டிஓ' என்று யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிசோதனை நாளன்று, பதிவிலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று முகப்பில் இருபது நிமிடம் நிற்கவைத்தார்கள். அங்கிருந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் திரையில் தெரிந்ததைத்தான் படித்தார்.

அன்றிரவு என் பழைய மாணவர் திட்டத்தின் நிரலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வரி இருந்தது. ஆங்கிலத்தின் ஏ முதல் இஸட் வரையிலான எழுத்துகளையும் இடைவெளியையும் தவிர வேறு எதையும் ஏற்காத ஒரு ரெஜெக்ஸ் வடிவத்தை, அதாவது உள்ளீட்டைச் சரிபார்க்கும் விதியை, நான் எழுதியிருந்தேன். எழுதியபோது என் அப்பாவின் பெயரில் 'எஸ்/ஓ' இருந்தது, என் பெயரிலும் இருந்தது. அப்படியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அந்தத் திட்டத்திற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. சோதித்துப் பார்த்தவர்கள் இரண்டு சொற்களாலான ஓர் ஆங்கிலப் பெயரை உள்ளிட்டார்கள், செயலி ஏற்றுக்கொண்டது, அத்துடன் அந்தக் கட்டம் சரியென்று முடிவாகிவிட்டது. என்னிடம் வேலையிடப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இன்றும் அதே வரியை எழுதுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்கும் நிரலிலும் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. பழைய நிரல்களில் எங்கும் பரவிக் கிடப்பதைத்தானே அந்தக் கருவிகளும் கற்றிருக்கின்றன.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் சொல்லும் விடை "பாதுகாப்புக்காக" என்பதுதான். சாய்கோடும் மேற்கோள் குறியும் ஆபத்தானவை, அவற்றைத் தடுத்துவிட்டால் எஸ்கியூஎல் ஊடுருவல் என்னும், தரவுத்தளத்துக்குள் கள்ளக் கட்டளையைப் புகுத்தும் தாக்குதலைத் தடுத்ததாகிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை வேரோடு பிடுங்க வேண்டிய இடம் உங்கள் வகுப்பறை. பயனர் தட்டிய சொல்லையும் தரவுத்தளத்துக்கான கட்டளையையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்புவதே ஊடுருவலுக்கு வழிவிடும் பிழை. கட்டளையை முதலில் தனியே கொடுத்து, மதிப்புகளைப் பிறகு தனியே சேர்க்கும் வினவல் முறையில், ஒருவரின் பெயரில் எந்தக் குறி இருந்தாலும் அது வெறும் பெயராகவே இருக்கும், கட்டளையாக மாறாது. அதே பெயரைப் பக்கத்தில் காட்டும்போது, அது பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் மொழியின் குறியாகப் பொருள்கொள்ளப்படாதபடி மாற்றி வெளியிட வேண்டும். காவலை இந்த இரண்டு இடங்களிலும் வைக்காமல் பெயர்க் கட்டத்தின் வாசலில் மட்டும் வைப்பதால், உண்மையான தாக்குதல்காரர் வேறு வழியில் நுழைந்துவிடுவார், என் அம்மாவும் யூரேசிய அண்டைவீட்டார் டி'சூசாவும் மட்டும் வெளியே நிற்பார்கள். பெயர்க் கட்டத்தை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் மறக்கமாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் வழக்கமும் இதனுடன் சேர்ந்ததே. சீனர் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகிறார்கள். மலாய்க்காரர் 'பின்', 'பிந்தி' என்று தந்தையின் பெயரைத் தொடர்கிறார்கள். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தந்தையின் பெயரோ அதன் தலைப்பெழுத்தோதான் உண்டு. இத்தனை வகைப் பெயர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் போடும் வழக்கம் வேறொரு நாட்டிலிருந்து பாடநூலோடு சேர்ந்து வந்தது. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் என ஒரே கட்டமும், எப்படி அழைக்க வேண்டும் என இன்னொரு கட்டமும் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி, பெயரைத் தமிழிலேயே எழுத ஒருவர் விரும்பினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கற்பிப்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் என்று தொடக்கநிலை முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும். உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அவை ஐந்து தனித்தனிக் குறியெண்கள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) எடுத்துக்கொள்வதால், பைட் எண்ணும் மொழியில் கேட்டால் 15 என்று விடை வரும். மூன்றும் சரியான விடைகளே. எந்த இடத்தில் எதைக் கேட்கிறோம் என்று அறியாத நிரலாளர், சொல்லை நான்கு 'எழுத்தோடு' வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரில் 9 எழுத்துகள், 16 குறியெண்கள், 48 பைட். பெயருக்கு 30 பைட் ஒதுக்கி, மிஞ்சியதை வெட்டிச் சேமிக்கும் செயலியில் அவர் 'மீனாட்சிசு' ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் இந்த மூன்று எண்களும் ஒன்றாகவே இருப்பதால், ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துக் கற்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

அக்கறையுள்ள மாணவர் ஒருவர், ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக உலக மொழிகளின் 'எழுத்து' எல்லாவற்றையும் ஏற்கும் யூனிகோடு பண்பைத் தம் ரெஜெக்ஸில் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ம, ன, ட, ச ஆகியவை உள்ளே போகும். ஆனால் ஈகாரக் குறியும் புள்ளியும் யூனிகோடின் கணக்கில் எழுத்துகள் அல்ல, அவை இணைகுறிகள் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே மீனாட்சி மறுபடியும் வெளியே தள்ளப்படுகிறார். நல்ல எண்ணம் மட்டும் போதாது, எழுத்துமுறை எப்படி இயங்குகிறது என்பதும் தெரிய வேண்டும் என்று ஒரு மாணவர் தம் விரலாலேயே தட்டி உணர்வதற்கு இதைவிடத் தெளிவான பயிற்சி உண்டா?

தேடலிலும் இதே கதைதான். 'கோ' என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. சேமிக்கும்முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத செயலியில், கோவிந்தன் என்பவர் தம் பெயரைத் தாமே தேடினால் "பதிவு இல்லை" என்று வரக்கூடும். வரிசைப்படுத்தும்போதும் வெறும் குறியெண்களை ஒப்பிட்டால் மனோகரன் முதலிலும் மயில்வாகனன் அடுத்தும் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் யகரத்துக்கு வெகு பின்னால், கடைசி எழுத்தாக னகரம் வருவதால், மயில்வாகனனே முதலில் வர வேண்டும். எந்த மொழியின் வரிசை வேண்டும் என்று சொல்லி ஒப்பிட்டால் சரியாக வரும். அதற்கான கருவி உலாவியிலேயே இருக்கிறது. இருப்பதை யாரும் சொல்லித்தராததால் பயன்படுத்துவோர் இல்லை.

இந்தக் கோரிக்கையை இந்த ஊரிலிருந்து எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ் இணையத்தில் ஏறிய தொடக்க நாள்களில் சிங்கப்பூர் முன்வரிசையில் நின்றது. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஏற்றிய இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2000-இல் மீண்டும் இங்கே கூடியபோதுதான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு உருவாயிற்று. 2011-இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கும் வழி பிறந்தது. அந்தத் தொடக்கப் பணிகள் நடந்தது பல்கலைக்கழகத்துக்குள்தான். 1999-இல் மறைந்த கோவிந்தசாமியின் பெயரே 'கோ'வில் தொடங்குகிறது. இன்று நம் மாணவர் உருவாக்கும் செயலியில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்குமா என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

உங்கள் தரப்பிலிருந்து எழக்கூடிய மறுப்பை நான் அறிவேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. வேலை மொழி ஆங்கிலம். பதின்மூன்று வாரங்களில் முடிக்க வேண்டிய பாடத்தில் ஏற்கெனவே இடமில்லை. இவை எல்லாம் உண்மை. ஆயினும், நான் தமிழை ஒரு கூடுதல் அலங்காரமாகச் சேர்க்கச் சொல்லவில்லை. பட்டதாரிகள் நாளை எழுதப்போகும் செயலி இந்தோனேசியாவிலோ இந்தியாவிலோ தாய்லாந்திலோ பயன்படும்போது அவர்களுக்குத் தேவைப்படும் அறிவு இதுவே. இங்கே நான்கு மொழிகளை அன்றாடம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட எளிதில் வரும். இடத்தைப் பொறுத்தவரை, ஒவ்வோர் ஆண்டும் செயலி எழுத உதவும் புதுப்புதுக் கட்டமைப்புக் கருவிகளைத் துரத்துவதில் செலவாகும் வாரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஜேகுவரி 2006-இல் வந்தது, ரியாக்ட் 2013-இல் வந்தது, இன்னும் பல வரும். புதிய கருவியை வேலையில் சேர்ந்தபின் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். பெயரைப் பற்றிய தவறான எண்ணத்துடன் வந்தவரைத் திருத்த எனக்குப் பல மாதங்கள் ஆகின்றன.

இன்னும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிட வேண்டும் என்பது 2008-இல் வெளிவந்த அணுகல்தன்மை வழிகாட்டியின் அடிப்படை நிலையிலேயே உள்ள விதி. அந்த ஒரு சிறு குறி இல்லாவிட்டால், பார்வையற்றவருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் உளறும், அல்லது படிக்காமலேயே தாண்டிவிடும். கற்பிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. முதல் படிவப் பயிற்சியைத் திருத்தும்போது, நம் ஊரின் உண்மையான பெயர் வகைகளை உள்ளிட்டுச் சோதியுங்கள்: சாய்கோடு உள்ள பெயர், மேற்கோள் குறி உள்ள பெயர், ஒரே சொல்லாலான பெயர், தமிழிலும் சீனத்திலும் எழுதிய பெயர். ஏற்காத செயலிக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஏற்றுக்கொண்டாலும், சேமித்து, தேடி, வரிசைப்படுத்தி, சான்றிதழாக அச்சிட்டுப் பார்த்தபின்பே முழு மதிப்பெண் கொடுங்கள். அச்சில்தான் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அறிவிப்புப் பலகைகளில் நாம் பார்த்து வருந்தும் உடைந்த தமிழ் பலவும் இப்படிப் பிறப்பதே. தமிழ் படிக்கும் மாணவர்களை ஒரு நாள் ஆய்வகத்துக்கு அழைத்து, கணினியியல் மாணவர்களின் செயலிகளில் தங்கள் பெயர்களைத் தட்டச் சொல்லுங்கள்.

இதற்கென, யாருடைய உண்மை விவரமும் இல்லாத, நான்கு மொழிகளிலும் அமைந்த சோதனைப் பெயர்த் தொகுப்பு ஒன்றை என் வேலைக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்கும் எந்த ஆசிரியருக்கும் கட்டணமின்றித் தருவேன். சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு வந்து மாணவர்களுடன் உட்காரவும் ஆயத்தமாக இருக்கிறேன். முதல் பெயராக என் அம்மாவின் பெயரை, அட்டையில் உள்ளபடியே, சாய்கோட்டுடன் அவர்கள் முன்னால் தட்டிக் காட்டுவேன். அதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவன்,
ஈசூன்