நோயின் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்ப சுகாதாரத்தில் கணினியின் எதிர்காலம் என்றாலே பேச்சு செயற்கை நுண்ணறிவுக்குத் தாவிவிடுகிறது. அது கற்றுக்கொள்ளப் போகும் பதிவுகளின் தரத்தை யாரும் கேட்பதில்லை.

இரண்டு நாள் காய்ச்சலோடு வருபவருக்கு இன்ன நோய் என்று அன்றே சொல்லிவிட முடியாது. ஆனால் நோயின் பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் மருந்துச்சீட்டுத் திரை திறக்கும் என்று பல மென்பொருள்கள் அடம்பிடிக்கின்றன. வெளியே வரிசை நிற்கும்போது மருத்துவர் 'டைபாய்டு' என்று ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார். அந்த 'டைபாய்டு' நோயாளியின் வரலாற்றில் ஒட்டிக்கொள்ளும், மாத அறிக்கையிலும் ஏறும். ஆரம்பநிலை மருத்துவத்துக்கென்றே 1987இல் வெளியான ஐ.சி.பி.சி. வகைப்பாட்டில் காய்ச்சலுக்கு ஏ03, இருமலுக்கு ஆர்05 என அறிகுறிகளுக்கே தனிக் குறியீடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.யிலும் அறிகுறிகளுக்கு இடம் இருக்கிறது. திரையை வடிவமைப்பவர்தான் அவற்றைப் பட்டியலின் அடியில் புதைத்துவிடுகிறார்.

அடுத்த சிக்கல், இணையம் அறுந்த நேரத்துப் பதிவுகள். ஒரு கைக்கணினியில் செவிலியர் பென்சிலின் ஒவ்வாமையைச் சேர்க்கிறார். இன்னொன்றில் அதே நோயாளியின் முகவரி மட்டும் திருத்தப்படுகிறது. இணைப்பு வந்ததும் 'கடைசியாக வந்ததே செல்லும்' என்ற விதிப்படி முழுப் பதிவும் மாற்றி எழுதப்பட்டால், ஒவ்வாமைக் குறிப்பு சத்தமில்லாமல் காணாமல் போகும். கருவியின் கடிகாரம் பிசகியிருந்தால் எது கடைசி என்பதே தெரியாது. பழையதை அழிக்காமல் ஒவ்வொரு மாற்றத்தையும் தனி வரியாகச் சேர்ப்பதே இதற்கு வழி. ஒரே பெயருள்ள இருவரின் பதிவுகளைக் கணினி தானாக இணைப்பதும் கூடாது. ஒருவரின் பதிவு இரண்டாகக் கிடப்பதைவிட இருவரின் பதிவு ஒன்றாவது ஆபத்தானது. இணைத்ததைப் பிரிக்கவும் வசதி வேண்டும்.

அலகு இல்லாத எண்ணைத் திரை ஏற்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான். வெறும் 7 என்றால் எதை நம்புவது?

இரட்டை வேலை இன்னொரு தொல்லை. காலையில் பதிவேட்டில் எழுதி, மாலையில் கணினியில் ஏற்றி, மாதக் கடைசியில் கையால் கூட்டி அறிக்கை அனுப்பினால் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். சிகிச்சையின்போது ஒருமுறை பதிந்ததிலிருந்தே அறிக்கை உருவாக வேண்டும். காகிதப் பதிவேட்டை நிறுத்தும் தேதியைத் திட்டம் தொடங்கும்போதே எழுத்தில் அறிவிக்கலாம்.

மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் போதும். பதிவுகள் அனைத்தையும், மருத்துவ மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரமான எஃப்.எச்.ஐ.ஆர். வடிவில் வெளியே எடுக்க முடிய வேண்டும். பணம் கொடுக்கும் முன், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முழு நாள் புறநோயாளர் பிரிவை அதில் நடத்திக் காட்ட வேண்டும்.